எலி நுழைய ஒரு பென்சில் துளை போதும்

வானொலியில் சில தலைப்புகளை எடுத்தால் நேயர்களைப் பேச வைக்கவே பெரும்பாடு. எலி அப்படியல்ல. "உங்கள் வீட்டில் எலித் தொல்லை உண்டா?" என்று ஒருநாள் காலை நிகழ்ச்சியில் கேட்டேன். அடுத்த பாட்டு முடிவதற்குள் வாட்ஸ்அப் நிரம்பிவிட்டது. ஒருவர் வீட்டில் அரிசி மூட்டை, இன்னொருவர் வீட்டில் வாஷிங் மெஷின் ஒயர், வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஓர் இளைஞருக்கு இரண்டு வாரம் எடுக்காமல் நிறுத்தியிருந்த காரின் எஞ்சின் ஒயர். ஆனால் முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த மருந்து வைத்தால் ஒழியும்?"

அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எலி எந்த வழியாக வருகிறது? அது தெரியாமல் எத்தனை எலியைக் கொன்றாலும், காலியான இடத்துக்கு அடுத்தது வந்து சேரும்.

நாங்கள் இருப்பது பழைய வரிசை வீடு. தவழும் வயதில் மகன் இருக்கிறான். தரையில் கிடக்கும் எதுவும் அவன் வாய்க்குத்தான் போகும். எலியின் அடையாளம் தென்பட்டதும் என் மாமியார் போட்ட முதல் உத்தரவு, "விஷம் மட்டும் வெக்காதம்மா, புள்ள தவழ்ற வீடு" என்பதுதான். அந்த ஓர் உத்தரவுக்குள் நின்று நாங்கள் செய்ததையும், அதற்காகப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறேன்.

வந்திருப்பது யார்?

எல்லாவற்றையும் 'எலி' என்று சொல்லிவிடுகிறோம். நம் குடியிருப்புகளில் நடமாடுபவை நான்கு வகை. வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும் சுண்டெலி. சிலிங்கிலும் மரத்திலும் ஏறி ஓடும் கூரை எலி. கால்வாயிலும் பின்சந்திலும் வளை தோண்டி வாழும் சாக்கடை எலி. நான்காவது மூஞ்சூறு.

நீண்ட மூக்கும் ஒருவித வாடையும் கொண்டு, சுவரோரமாகக் 'கீச் கீச்' என்று ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. கரப்பான், பூச்சி, புழுக்களைத் தின்று வாழும் பிராணி. "பிள்ளையார் வாகனம், அத விட்டுரு" என்பார் மாமியார். அறிவியலும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. வீட்டில் கரப்பான் குறைந்தால் அதுவும் வெளியே போய்விடும்.

மற்ற மூன்றையும் எச்சத்தை வைத்தே பிரித்துவிடலாம். அரிசி மணி அளவிலோ அதைவிடச் சிறிதாகவோ, முனை கூராக இருந்தால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக, முனை கூராக இருந்தால் கூரை எலி. இரண்டு சென்டிமீட்டரை நெருங்கி, முனை மழுங்கி, தடிமனாக இருந்தால் சாக்கடை எலி. எது என்று தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்பதும் தெரியும். சுண்டெலி தன் கூட்டிலிருந்து சில மீட்டருக்கு அப்பால் அதிகம் போவதில்லை. சமையலறையில் எச்சம் கிடந்தால் கூடும் சமையலறையிலேயேதான் இருக்கும். ஃபிரிட்ஜின் பின்புறம், அடுப்பின் அடிப்பகுதி, பழைய துணி மூட்டை என்று தேடலாம்.

'ஒன்றுதானே' என்று விட்டுவிட முடியாது. சுண்டெலியின் கர்ப்பகாலம் மூன்று வாரம்தான். ஒரு பிரசவத்தில் ஐந்தாறு குட்டிகள். அந்தக் குட்டிகளும் பிறந்து ஆறு வாரத்தில் குட்டி போடத் தயாராகிவிடும். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் ஒரு பட்டாளமே உருவாகலாம்.

வழியை அடையுங்கள்

ஒரு பென்சில் நுழையும் ஓட்டை, அதாவது சுமார் ஆறு மில்லிமீட்டர் இருந்தால் சுண்டெலி உள்ளே வந்துவிடும். பெரிய எலிக்குக் கட்டை விரல் நுழையும் இடம் போதும். ஒரு சனிக்கிழமை காலையில் பென்சிலும் டார்ச் விளக்குமாக நானும் என் கணவரும் வீட்டைச் சுற்றி வந்தோம். ஏழு இடங்களில் பென்சில் நுழைந்தது. சிங்க்கின் கீழே குழாய் போகும் துளை, வெளியே இருக்கும் கேஸ் தோம்பிலிருந்து ரப்பர் குழாய் வரும் துளை, ஏர்கோன் குழாய்க்காகச் சுவரில் போட்ட ஓட்டை, பின்கதவின் அடி, குளியலறைத் தண்ணீர் போகும் வழி, கூரைத் தகரம் சுவரைத் தொடும் இரண்டு மூலைகள். உங்கள் வீட்டுப் பட்டியலும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அடைக்கும்போது பழைய துணி, காகிதம், ஸ்பான்ஞ் எதுவும் உதவாது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. கடிப்பது அதற்கு அன்றாட வேலை. சிறு துளைகளில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை இறுக்கமாகத் திணித்து, மேலே சிலிக்கோன் அல்லது சிமெண்டு பூசுங்கள். தண்ணீர் போகும் வழிகளுக்குக் கண் சிறுத்த கம்பி வலை. கதவின் அடியில் பொருத்தும் பட்டை ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். கூரையைத் தொடும் மரக்கிளைகளை வெட்டிவிடுங்கள். கூரை எலிக்கு அதுதான் பாலம்.

வழி எது என்று புரியாவிட்டால் பழைய உத்தி ஒன்று இருக்கிறது. இரவு படுக்கப் போகுமுன் சந்தேகமான இடத்தில் கொஞ்சம் மாவைத் தூவிவிடுங்கள். காலையில் கால்தடம் வழியைக் காட்டிக் கொடுக்கும்.

அடுத்தது உணவு. சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு மூன்று கிராம் இருந்தால் போதும். மகன் சிந்திய பிஸ்கட் துகளிலேயே அது வயிறு நிறைந்துவிடும். அரிசி, பருப்பு, மாவு எல்லாவற்றையும் மூடி இறுகும் கண்ணாடி அல்லது தகர டப்பாவுக்கு மாற்றினோம். நம் வீடுகளில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு, பூஜை மேடை. இரவு முழுக்க வைத்திருக்கும் வாழைப்பழமும் பொங்கலும், நெய்யில் ஊறிய திரியும் எலிக்கு விருந்து. பூஜை முடிந்ததும் நைவேத்தியத்தை எடுத்து மூடி வைப்பதை மாமியாரே வழக்கமாக்கிவிட்டார். பூனை, நாய் வளர்ப்பவர்கள் இரவில் உணவுத் தட்டை வெளியே விட வேண்டாம்.

பொறி வைக்கும் முறை

வெளி வழி அடைபட்ட பிறகு உள்ளே மாட்டிக்கொண்டவற்றுக்குத்தான் பொறி. எலி நடுக்கூடத்தில் நடக்காது, மீசை சுவரைத் தொட சுவரோரமாகவே ஓடும். அதனால் அடிக்கும் பொறியைச் சுவருக்குக் குறுக்கே, இரை இருக்கும் முனை சுவரைப் பார்த்தபடி வையுங்கள். ஒரு பொறி போதாது. சமையலறையில் மட்டும் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக ஐந்து வைத்தோம். குழந்தையின் கைக்கு எட்டாத அலமாரி இடுக்குகளிலும் ஃபிரிட்ஜின் பின்னாலும் மட்டுமே வைத்தோம்.

சீஸ் எல்லாம் கார்ட்டூனோடு சரி. பயறு அளவு கடலை வெண்ணெய், வறுத்த நெத்திலி அல்லது சுட்ட தேங்காய்த் துண்டு நன்றாக வேலை செய்யும். இன்னொரு வித்தியாசத்தையும் நினைவில் வையுங்கள். சுண்டெலி புதிய பொருளைப் பார்த்தால் ஆர்வத்தோடு வந்து பார்க்கும். பெரிய எலி சந்தேகப் பிராணி, புதியது எதையும் சில நாள் தொடாது. அதற்கு நான்கைந்து நாள் பொறியைப் பூட்டாமல் இரையை மட்டும் தின்ன விட்டு, பிறகு பூட்ட வேண்டும்.

பசை அட்டையை நாங்கள் வாங்கவில்லை. அதில் ஒட்டிய எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகும், பயத்தில் சிறுநீரும் கழிக்கும். பல்லியும் குருவியும் பூனைக்குட்டியும்கூட மாட்டிக்கொள்கின்றன. இங்கிலாந்தில் பொதுமக்கள் அதைப் பயன்படுத்துவதற்கு எதிராக 2022-இல் சட்டமே இயற்றினார்கள். கூண்டில் உயிரோடு பிடித்ததை அடுத்த தாமானில் கொண்டு விடுவதும் தீர்வாகாது. அது நம் தலைவலியை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பும் வேலை.

விஷமும் அந்துருண்டையும்

கடைகளில் நீலம், இளஞ்சிவப்பு என்று மிட்டாய் நிறத்தில் விற்கும் எலி மருந்துகள் பெரும்பாலும் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற எலி உடனே சாகாது, மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதற்குள் சிலிங்குக்குள்ளோ சுவர் இடுக்கிலோ போய் உயிரை விடும். பிறகு வரும் நாற்றத்துக்குக் கூரையைப் பிரிக்க வேண்டியிருக்கும். அந்த எலியைத் தின்னும் பூனைக்கும் ஆபத்து.

இதைப் பற்றிப் பேசும்போது மாமியார் தோட்டத்துக் கதைக்குப் போய்விடுவார். செம்பனைத் தோட்டங்களில் எலி பெரிய எதிரி, பழக்குலையைத் தின்று தீர்த்துவிடும். அதற்காகக் கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றுவார்கள். கூகையின் உணவு பெரும்பாலும் எலிதான். இன்றும் நம் நாட்டுத் தோட்டங்களில் அந்தப் பெட்டிகளைப் பார்க்கலாம். விஷம் தின்ற எலியைப் பிடித்தால் அந்தக் கூகையும் பாதிக்கப்படும். ஒரு விஷம் எலியோடு நிற்பதில்லை என்பதைத் தோட்டத்து மக்கள் பக்கத்திலிருந்தே பார்த்தவர்கள்.

குழந்தை எலி மருந்தை வாயில் வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தெரியச் சில நாள் ஆகும் என்பதே இதன் ஆபத்து. வாந்தி எடுக்க வைக்க முயலாமல், மருந்தின் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர்களிடம் மாற்று மருந்து உண்டு. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய விஷ மையத்தின் எண்ணை இன்றே கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.

அந்துருண்டை போட்டால் எலி ஓடிவிடும் என்று பல நேயர்கள் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அதற்கு இடமே இல்லை. நம் நாட்டில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பரிசோதனை செய்வார்கள். என் மகனுக்கு அந்தக் குறைபாடு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு நாப்தலீன் அந்துருண்டையின் வாடையே சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரலாம். எலிக்காக மூலைக்கு மூலை அந்துருண்டை போடுமுன், வீட்டுக் குழந்தையின் மருத்துவப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். விருந்தினராக வரும் குழந்தைகளையும் நினைத்துப் பாருங்கள்.

மின்சாரத்தில் செருகினால் ஒலி எழுப்பி எலியை விரட்டும் என்ற கருவிகளையும் நம்ப வேண்டாம். இவற்றின் விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2001-இலேயே பல நிறுவனங்களை எச்சரித்தது.

துடைப்பத்தைத் தொடாதீர்கள்

எச்சத்தைப் பார்த்ததும் துடைப்பத்தை எடுப்பது நம் கை வழக்கம். காய்ந்த எச்சத்தைக் கூட்டினால் கிருமி தூசியோடு காற்றில் கிளம்பும். வேக்கூம் போட்டாலும் அதேதான். முதலில் ஜன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விடுங்கள். கையுறை போட்டு, ஒரு பங்கு குளோராக்ஸ் போன்ற பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, எச்சம் நனையத் தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறிய பிறகு டிஷ்யூவால் துடைத்தெடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். செத்த எலிக்கும் இதே முறைதான்.

காரணம் இருக்கிறது. மலாயில் 'கெஞ்சிங் திகுஸ்' என்று நாம் கேள்விப்படும் லெப்டோஸ்பைரோசிஸ், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீராலும் ஈர மண்ணாலும் பரவும் நோய். காலில் இருக்கும் சிறு வெடிப்பு, கண், மூக்கு, வாய் வழியாகக் கிருமி உள்ளே போகும். 2010 முதல் நம் நாட்டில் மருத்துவர்கள் சுகாதார அமைச்சுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் இதுவும் ஒன்று. மழை விட்டதும் வெறுங்காலோடு பின்சந்துக் கால்வாயைச் சுத்தம் செய்பவர்கள், வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவுபவர்கள் கட்டாயம் காலணியும் கையுறையும் அணிய வேண்டும்.

காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி, குறிப்பாகக் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை இதன் தொடக்கம். கேட்டால் டெங்கி மாதிரியே இருக்கும். கிருமி நுழைந்து சில நாளிலிருந்து ஒரு மாதம்வரைகூட ஆகலாம் என்பதால், நமக்கே எலியின் நினைவு வராது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் ஆன்டிபயோட்டிக் மருந்தால் குணமாகும். தாமதித்தால் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல்வரை போகும். ஆகவே கிளினிக்கில் "டாக்டர், எங்க வீட்ல எலி இருந்துச்சு, நான்தான் சுத்தம் செஞ்சேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் எந்தப் பரிசோதனையை எடுப்பது என்பதையே மாற்றிவிடலாம்.

வரிசை வீட்டின் எலி வரிசைக்கே சொந்தம்

வரிசை வீடுகளுக்குப் பின்சந்து ஒன்று, கால்வாய் ஒன்று. பல பழைய வரிசைகளில் சிலிங்குக்கு மேலுள்ள வெளியும் வீட்டுக்கு வீடு தொடர்ந்து போகும். நான் மட்டும் அடைத்தால் எலி பக்கத்து வீட்டில் இருந்துகொள்ளும். பக்கத்து வீட்டில் விஷம் வைத்தால் நாற்றம் என் சிலிங்கில் வரும். இதைத்தான் எங்கள் வரிசையின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். வலப்பக்கத்து மக்சிக் பின்சந்தில் பூனைகளுக்கு இரவில் சோறு வைப்பதைக் காலைக்கு மாற்றிக்கொண்டார். இடப்பக்கத்து சீன அங்கிள் பழைய அட்டைப் பெட்டிகளை அப்புறப்படுத்தியதோடு, எங்கள் கூரை மூலைகளுக்கும் ஏணி கொண்டுவந்து சிமெண்டு பூசிக் கொடுத்தார். உடைந்த கால்வாய் மூடிக்கும் நிரம்பி வழியும் குப்பைத் தொட்டிக்கும் படம் எடுத்து, எட்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்திட்டு நகராண்மைக் கழகத்தில் புகார் கொடுத்தோம். ஒருவர் குரலைவிட எட்டு வீட்டுக் கையெழுத்துக்குப் பதில் சீக்கிரம் வருகிறது.

முதல் வாரத்தில் பொறிகளில் நான்கு சுண்டெலிகள் விழுந்தன. மூன்றாவது வாரத்திலிருந்து இரை அப்படியே இருக்கிறது, தூவிய மாவிலும் தடம் இல்லை. ஆனாலும் மாதத்தின் முதல் சனிக்கிழமை பென்சிலோடு ஒரு சுற்று வருவதை நிறுத்தவில்லை. சிமெண்டு வெடிக்கும், இரும்பு நார் துருப்பிடிக்கும், கதவுப் பட்டை தேயும்.

இந்த வார இறுதியில் நீங்களும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு சமையலறை சிங்க்கின் கீழிருந்து தொடங்குங்கள். எலி மருந்து வாங்கலாமா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.