உயிலும் கையொப்பமும்

கோலார் தங்கவயலில் 1930ஆம் ஆண்டில் ஒரு வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. சுரங்கத் தொழிலாளரின் விரல் ரேகைகளைப் பதிவு செய்ய முற்பட்டதே அதன் காரணம். ரேகை ஒருவரை வாழ்நாள் முழுவதும் அடையாளம் காட்டும். கையொப்பத்திற்கு அவ்வுறுதி இல்லை. வயது, நோய், பழக்கம் ஆகியவற்றால் அது மாறுவதாகும். உயில் எழுதியவர் இறந்தபின் அதிலுள்ள கையொப்பம் அவருடையதன்று என வழக்கு எழுமாயின், நிபுணரின் பணி கடினமாவது இதனாலேயே.

இந்தியாவில் கையெழுத்து ஆய்வாளர் பதவி 1904இல் வங்காள அரசால் ஏற்படுத்தப்பட்டு, 1906இல் சிம்லாவுக்கு மாற்றப்பட்டது. ஆய்வாளர் எழுத்தின் அழகை நோக்குவதில்லை. எழுதும் வேகம், பேனாவின் அழுத்தம், கோடு தொடங்கி முடியும் விதம், பேனா தூக்கப்படும் இடங்கள், எழுத்துகளின் உயர விகிதம் ஆகியவற்றையே நோக்குகிறார். ஒருவர் இடும் இரு கையொப்பங்கள் முற்றிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. இரண்டும் அச்சுப்போல் பொருந்தினால், ஒன்றின்மேல் தாளை வைத்து மற்றொன்றை வரைந்தனரோ என ஐயுறவேண்டும்.

சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டு நலிந்த முதியவரின் கையும் நடுங்கும். போலி எழுதுபவரின் கையும் நடுங்கும். ஆனால் நோயாளியின் நடுக்கத்தினூடே அவருடைய பழைய பழக்கங்கள் எஞ்சி நிற்பதுண்டு. போலியில் வடிவம் கவனத்துடன் வரையப்பட்டிருக்கும். வளைவின் நடுவே பேனா நின்ற தடமும், திருத்திய கோடும் காணப்படலாம். இவ்வேறுபாட்டை அறிய, உயில் எழுதிய காலத்தை ஒட்டிய உண்மைக் கையொப்பங்கள் பல வேண்டும். இளமைக்காலத்துக் கையொப்பம் ஒன்று மட்டும் போதாது.

நிபுணரின் கருத்தே முடிவான சான்றன்று. அதனை எச்சரிக்கையுடன் ஏற்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. மைசூரிலிருந்து வந்த ஓர் உயில் வழக்கில், கையொப்பம் நடுங்கியிருத்தல் போன்ற ஐயங்களை உயிலை முன்வைப்பவரே நீக்கவேண்டும் என 1958இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, சாதாரண உயிலுக்குக் குறைந்தது இரு சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டும். எழுதத் தெரியாதவர் தம் அடையாளத்தை இடலாம்.

ஆகவே கிராமத்தில் உயில் எழுத உதவி கேட்போர்க்கு ஆசிரியரும் களப்பணியாளரும் கூறத்தக்கவை மூன்று. உயில் எழுதுபவரைவிட இளைய, சொத்தில் பங்கு பெறாத சாட்சிகளைத் தேர்க. கையொப்பத்துடன் தெளிவான பெருவிரல் ரேகையும் பதிக்க. வங்கித்தாள், ஓய்வூதியத்தாள், கடிதம் முதலிய கையொப்பமிட்ட பழந்தாள்களை எறியாது காக்க. பிற்காலத்தில் வழக்கு எழுந்தால், பேச இயலாத அம்முதியவருக்காகப் பேசுவன இவையே.