மிளகு சொல்லும் பாடம்

ரயில்வேயில் பணியாற்றிய காலத்தில் எர்ணாகுளத்திலிருந்து படகேறி மட்டாஞ்சேரி போவேன். ஒருநாள் யூதத் தெருவில் ஒரு கட்டிடத்துக்குள் ஒரே கூச்சல். சண்டையோ என்று பயந்தேன். அது வியாபாரம்! 1957-இல் தொடங்கி, வணிகர்களே கூடி நடத்திய இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் முன்பேரக் கூடம் அது. பின்னாளில் வரப்போகும் மிளகுக்கு அன்றே விலை பேசுவார்கள். 1997-இல் வெளிநாட்டாருக்கும் கதவைத் திறந்தார்கள். இன்று அந்தக் கூச்சல் இல்லை.

அயலாரோடு பேசிப் பிழைப்பது இவ்வூருக்குப் புதிதா என்ன? அரபியர், யூதர், குஜராத்திகள், கொங்கணிகள், நம் தமிழர் எல்லோரும் இங்கே கடை விரித்தவர்கள்தாம். 1500-இல் கொச்சிக்கு வந்த போர்த்துக்கீசியர், பின்னர் தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல்களைப் பிடித்தனர். அதற்கு நேர்மாறாக 1972-இல், மிளகு விளையும் நாடுகள் ஐ.நா. ஆதரவில் பன்னாட்டு மிளகுச் சமூகத்தை அமைத்துக் கூடிப் பேசத் தொடங்கின.

ஆனால் திறந்த கதவிலும் சிக்கல் உண்டு. இலங்கையோடு செய்த தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000-இல் நடைமுறைக்கு வந்தது. வியட்நாம் மிளகு அவ்வழியே சலுகையில் நுழைகிறது என்று நம் விவசாயிகள் முறையிட்டனர். 2017 டிசம்பரில் அரசு, கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது.

தண்டவாளத்தோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்: பாதை திறந்திருக்க வேண்டும், சிக்னலும் வேண்டும். இடுக்கியில் மிளகு பறிக்கும் கைகளில் தமிழ்க் கைகளும் உண்டே!