வெயிலுக்கு அஞ்சாத பெட்டி

அக்னி நட்சத்திர நாட்களில் வானிலைச் செய்தி கேட்கிறீர்களா? வேலூரோடு திருத்தணியின் பெயரும் அடிக்கடி அடிபடும். நம்மூரில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதில்லை. ஆனால் வீடுகளில் வைக்கும் இணையப் பெட்டிகள் பலவற்றின் குறிப்புத்தாளில் '0 முதல் 40 டிகிரி வரை' என்றுதான் போட்டிருக்கும்! அதைக் கொண்டுபோய் வெயிலில் நிற்கும் டாங்கிக்குள் வைத்தால் என்ன ஆகும்?

திருத்தணியில் ரயிலேறிச் சென்னைக்குப் போகும் வழியில் ஆவடி வரும். அங்கேயுள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில்தான் டி-90 டாங்கிகள் தயாராகின்றன. ராஜஸ்தான் மணலிலும் ஓடவேண்டும், லடாக் பனியிலும் ஓடவேண்டும். உலகெங்கும் புதிதாக வரும் கவச வண்டிகளுக்குள் கேமராக்கள், ரேடியோ, வரைபடத் திரை என்று ஏகப்பட்ட கருவிகள். இவை பேசிக்கொள்ள ஒரு வலைப்பின்னல் வேண்டுமே!

1973-ல் அமெரிக்க விமானப்படை, கருவிகள் எல்லாம் ஒரே கம்பித்தடத்தில் பேச '1553' என்ற முறையை வெளியிட்டது. வேகம் நொடிக்கு 1 மெகாபிட். எண்களை அனுப்ப அது போதும். கேமரா படத்துக்குப் போதாது. அதே 1973-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை முன்வைத்தார். அலுவலகக் கணினிகளுக்காகப் பிறந்த அதுதான் பின்னாளில் போர் வண்டிக்குள்ளும் ஏறியது. 2010-ல் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் தன் புதிய ராணுவ வண்டிகளுக்கு அதையே விதியாக்கியது.

ஈதர்நெட்டின் நடுவில் உட்கார்ந்திருப்பது ஸ்விட்ச். வரும் தகவலின் முகவரியைப் படித்து, உரிய கருவிக்கு மட்டும் அனுப்பும். உங்கள் பள்ளிக் கணினி அறையில் இருப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. மூளை ஒன்றுதான்; உடம்புதான் வேறு.

பள்ளி ஸ்விட்சில் கேபிளைப் பிடித்திருப்பது ஒரு பிளாஸ்டிக் நாக்கு. டாங்கியின் குலுக்கலில் அது கழன்றுவிடலாம். அதனால் டாங்கி ஸ்விட்சில் திருகி மாட்டும் உலோக வட்ட இணைப்பிகள். விசிறி வைத்தால் தூசி புகும். ஆகவே விசிறியே கிடையாது. சில்லுகளின் சூடு உலோக உடல் வழியாகவே வெளியேறும். மைனஸ் 40 முதல் 71 டிகிரி வரை தாங்குவது இந்தத் துறையில் சாதாரணம். 'ஐபி67' தரம் பெற்றதென்றால், 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடுதல் செய்யும் அளவுக்கு உள்ளே தண்ணீர் புகாது.

மின்சாரமும் படுத்தும். பழைய பஸ்ஸை ஸ்டார்ட் செய்யும்போது விளக்கு மங்குமே, அதுபோல டாங்கி எஞ்சின் கிளம்பும்போதும் மின்னழுத்தம் சரியும், பிறகு துள்ளும். ஸ்விட்ச் அணைந்துவிடக் கூடாது.

விமானத்திலும் ஈதர்நெட் உண்டு; அங்கே கவலை வேறு: தகவல் தவறாமல், நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். ஏர்பஸ் ஏ380-ல் இரண்டு தனித்தனி வலைப்பின்னல்கள். ஒவ்வொரு தகவலும் இரண்டிலும் போகும். ஒன்று செத்தாலும் மற்றது கொண்டுசேர்க்கும். இந்த ஏற்பாடுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது.

அடுத்த முறை கணினி அறைக்குப் போகும்போது, அங்கிருக்கும் ஸ்விட்ச் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கேபிளை மட்டும் பிடுங்கிப் பார்க்காதீர்கள்!