மைக்கா ஒட்டும் முன்

சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களில் பலருக்கு, வீட்டு விலைக்கு அடுத்த பெரிய செலவு மரவேலைதான். மாடுலர் கிச்சன், அறைக்கொரு வார்ட்ரோப், அதன்மேல் லாஃப்ட், டிவி யூனிட், பூஜை அலமாரி என்று பட்டியல் நீளும்போது இரண்டு படுக்கையறை வீட்டுக்கே பல லட்சம் போய்விடுகிறது. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று என்று முப்பது வருடம் பின்னோக்கித் தோண்டிப் பார்த்து வீடு வாங்கியவர்கள், இந்த லட்சங்களை மட்டும் ஒரு பக்கக் கொட்டேஷனை நம்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ‘வார்ட்ரோப், 710 பிளை, லேமினேட் ஃபினிஷ், சதுர அடி இவ்வளவு’ என்பதற்குமேல் அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. ஓராண்டில் கதவு தொங்கி, சிங்க் அடிப் பலகை ஊறி உப்பிய பிறகு, “இதற்கெல்லாம் எங்கே போய்க் கேட்பது?” என்று விட்டுவிடுகிறார்கள். கேட்க இடம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. பலருடைய கையில் இல்லாமல் போவது சாட்சியம். சுவரோடு பொருத்தும் அலமாரியில் தரத்தைத் தீர்மானிக்கிற பலகையும் பசையும் முதுகுப் பலகையும் மைக்காவுக்குள் மறைந்துவிடுகின்றன. ஆகவே நுகர்வோரின் உரிமைக்கு உண்மையான பலம் இருப்பது கொட்டேஷன் எழுதுவதற்கும் மைக்கா ஒட்டுவதற்கும் இடைப்பட்ட சில வாரங்களில்தான்.

முதலில் பலகையைப் பார்ப்போம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) பொதுப் பயன்பாட்டு பிளைவுட்டுக்கு வைத்திருக்கும் தர எண் ஐ.எஸ். 303. அதில் ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும் எம்.ஆர்., கொதிநீரையும் சமாளிக்கும் பி.டபிள்யூ.ஆர். என்ற வகைகள் உண்டு. ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட். 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் கிடந்தும் அதன் பசை பிரியாமல் இருக்க வேண்டும். கடையிலும் கொட்டேஷனிலும் அடிக்கடி காதில் விழும் ‘வாட்டர்புரூஃப் பிளை’ எந்தத் தர எண்ணையும் குறிக்கும் சொல் அல்ல, எம்.ஆர். பலகையையும் அந்தப் பெயரில் விற்கலாம், விற்கவும் செய்கிறார்கள். எச்.டி.எச்.எம்.ஆர். என்பதும் சந்தையில் புழங்கும் பெயரே. மரத்தூளையும் நாரையும் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். குடும்பத்தைச் சேர்ந்த, அடர்த்தி கூடிய பலகை அது. மோசமான பொருள் அல்ல, ஆனால் பிளைவுட் விலைக்கு அதை வாங்கக் கூடாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: வீடு முழுக்க 710 போடச் சொல்வது பணத்துக்குப் பிடித்த கேடு. காய்ந்த சுவரில் நிற்கும் வார்ட்ரோபுக்கு நல்ல எம்.ஆர். பலகை போதும். சிங்க் அடிப்பகுதிக்கும், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரிக்கும்தான் 710 அல்லது பி.டபிள்யூ.ஆர். தேவை. அந்த இடங்களில்தான் தரத்தைக் குறைப்பதும் நடக்கிறது. கொட்டேஷனில் இருக்கும் 710 கதவுப் பலகைக்கு மட்டும் பொருந்தி, உள்கூடு முழுவதும் பார்ட்டிகிள் போர்டாக இருந்தால், ‘கதவைத்தானே சொன்னோம்’ என்று வாதிட வேலை எடுத்தவர்களுக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

பலகை தளத்துக்கு வந்து இறங்கும் நாளில் வீட்டுக்காரர் அங்கே இருப்பது எந்த உத்தரவாத அட்டையையும்விட மதிப்புள்ளது. உண்மையான பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன் மேலே தர எண்ணும், கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். பிளைவுட்டுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2023-இல் பிறப்பித்தது. அது 2025-இல் நடைமுறைக்கு வந்தபின் முத்திரை என்பது விருப்பத்துக்கு விட்ட விஷயமாக இல்லை. தடிமனையும் அளந்துவிட வேண்டும். 18 மி.மீ. என்று எழுதிவிட்டு 16 மி.மீ. இறக்குவது பழைய வித்தை. கண்ணுக்குத் தெரியாது, சில நூறு ரூபாய் வெர்னியர் காலிப்பருக்குத் தெரியும். முத்திரை தெரியும்படி ஒவ்வொரு கட்டுப் பலகையையும் படம் எடுத்து, வேலை எடுத்தவருக்கே வாட்ஸ்அப்பில் ‘இன்று வந்த பலகை’ என்று அனுப்பி வைத்தால், தேதியோடு கூடிய சாட்சியம் தானாகவே உருவாகிவிடும்.

அளவுக் கணக்கிலும் குழி இருக்கிறது. வார்ட்ரோபுக்குச் சதுர அடி என்றால் பெரும்பாலும் முன்பக்கப் பரப்பைத்தான் கணக்கிடுகிறார்கள்: ஏழடி அகலம், ஏழடி உயரம் என்றால் 49 சதுர அடி, மேலே இரண்டடி லாஃப்ட் சேர்ந்தால் 63. இரண்டடி ஆழமானாலும் ஒன்றரை அடி ஆழமானாலும், உள்ளே நான்கு டிராயர் இருந்தாலும் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. எனவே இரண்டு கொட்டேஷன்களைச் சதுர அடி விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. கிச்சனை ஓட்ட அடியில் அளக்கும்போது இன்னொரு கணக்கு நுழைகிறது. பத்தடியும் எட்டடியுமாக ‘எல்’ வடிவில் அமைந்த மேடையைச் சுவர் ஓரமாக அளந்தால் 18 அடி வரும். மூலையில் இருக்கும் இரண்டடி இரண்டு பக்கத்திலும் எண்ணப்பட்டுவிட்டது. மூலை அலமாரிக்கு வேலை அதிகம் என்பதால் அதற்குக் கூடுதலாகக் கேட்பது நியாயம்தான். ஆனால் கூடுதல் என்று சொல்லிக் கேட்கட்டும், அளவுக்குள் ஒளித்துக் கேட்க வேண்டாம். கீல், டிராயர் சேனல், கூடைகள் எல்லாம் எந்தக் கம்பெனி, எத்தனை என்பதும் எழுத்தில் வந்தாக வேண்டும். கதவு தொங்குவதற்கு மலிவுக் கீலும் ஒரு முக்கியக் காரணம்.

பணம் மட்டும்தான் ஆபத்தில் இருக்கிறது என்று நினைத்தால் அதுவும் சரியல்ல. மலிவான பலகைகளை ஒட்டும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின் பல மாதங்களுக்கு வாயுவைக் கசியவிடும். புது அறையில் கண் எரிவதும் மூக்கைத் துளைக்கும் நெடியும் பெரும்பாலும் அதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வீட்டு அலமாரியால் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்துவது மிகை. ஆனால் குறைந்த கசிவுக்கான இ1 அல்லது இ0 வகைப் பலகை கேட்பதும், வெறும் பலகையாக விட்டுவிடும் உட்புறத்தையும் வெட்டு ஓரங்களையும் மூடச் சொல்வதும், குடிபோகும் முன் சில வாரம் ஜன்னலைத் திறந்து வைப்பதும் மிகை அல்ல, குறிப்பாக ஏ.சி. போட்டு மூடிய அறையில் குழந்தை தூங்கும் வீடுகளில். சமையல் எரிவாயு இதைவிட உடனடியான ஆபத்து. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அழகுக்காக சிலிண்டரை இறுக்கமான கதவுக்குள் அடைத்து, காற்றோட்டத்துக்கு மேலே நாலு துளை போட்டுவிட்டுப் போகும் வேலைகள் உண்டு. துளைகள் தரை மட்டத்தில் இருந்தால்தான் பயன். குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டிய ரப்பர் குழாய், கழற்ற முடியாத பலகைக்குப் பின்னால் போனால் யார் கண்ணிலும் படாமலே விரிசல் விட்டுக் கிடக்கும்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பணம் பெற்றுக்கொண்டு செய்யும் மரவேலை ஒரு சேவை. சொன்னதைவிடத் தரம் குறைந்தால் அது சேவைக் குறைபாடு. பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது அதே சட்டம். பில் இல்லாததால் வழக்கும் இல்லை என்று ஆகாது. வங்கிப் பரிமாற்றம், யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் பணம் கொடுத்ததைக் காட்டப் பயன்படும். ஆனால் ஒரு நுட்பம் பலருக்குத் தெரிவதில்லை. தச்சரை நாள்கூலிக்கு அமர்த்தி, பொருளை நாமே வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று இப்படி வெட்டு, அப்படி ஒட்டு என்று வேலை வாங்கினால், அது ‘தனிப்பட்ட பணி ஒப்பந்தம்’ என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். சட்டம் அதை விலக்கி வைத்திருக்கிறது. பணியாளாக அமர்த்திக்கொள்வதும், ஒரு வேலையை முடித்துத் தருமாறு ஒப்படைப்பதும் வேறு வேறு என்ற வேறுபாட்டை 1995-இல் மருத்துவர்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே கூலி ஒப்பந்தமாக இருந்தாலும் ‘இந்த வேலை, இந்த அளவு, இந்தத் தொகை, இந்தத் தேதிக்குள்’ என்று எழுதிக்கொள்வதே பாதுகாப்பு. அப்போதும் பலகை உளுத்து மாவாகக் கொட்டினால் பொறுப்பு கடைக்காரருடையது, கதவு கோணினால் தச்சருடையது என்று பிரியும். கடைப் பில்லை நாம் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும்.

கட்டுநரே கிச்சனும் வார்ட்ரோபும் செய்து கொடுப்பதாக விற்பனை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் இன்னும் வலுவான பிடி இருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக்கான ரெரா சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் தெரியவரும் வேலைக் குறைபாடுகளையும் கட்டுநர் 30 நாளுக்குள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. இதனால்தான் ‘இன்டீரியருக்குத் தனி ஒப்பந்தம், எங்கள் இன்னொரு நிறுவனத்தோடு போட்டுக்கொள்ளுங்கள்’ என்று கட்டுநர் தரப்பு சொல்லும்போது நிதானிக்க வேண்டும். ஒரு கையெழுத்தில் ஐந்தாண்டுப் பொறுப்பு ஓராண்டு வாரன்டியாகச் சுருங்கிவிடக்கூடும்.

இத்தனையும் எழுதச் சொன்னால் ஆசாரி மனம் கோணுவார், நம்பிக்கையில் நடக்கும் தொழில் இது என்பது முதல் ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. நல்ல தச்சர் எழுத்தில் பழகியவர் அல்ல. ஆனால் எழுத்து இல்லாததால் அவரும் நஷ்டப்படுகிறார். நடுவில் டிசைன் மாற்றியதற்கும் கூட்டிக் கேட்ட அலமாரிக்கும் கடைசியில் பணம் வராமல் போவது தச்சர்களின் நிரந்தரப் புலம்பல். ஒப்புக்கொண்டதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்கினாலே இருவருக்கும் காப்பு. பெரிய நிறுவனத்திடம் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, பத்தாண்டு வாரன்டி தருகிறார்களே என்பது அடுத்த வாதம். அந்தத் தாளைக் கடைசி வரி வரை படித்தால், நீர் பட்டது, கரையான், சுவர் ஈரம், ‘சாதாரணத் தேய்மானம்’ என்று விலக்குகள் அடுக்கியிருக்கும். மரவேலை கெடுவதே பெரும்பாலும் இவற்றால்தான். மூன்றாவது, 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சப்படுத்த ரொக்கமாகக் கொடுத்துவிடலாம் என்ற ஆசை. ஆண்டு வரவு வரம்புக்குள் இருக்கும் சிறு தச்சர் ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை. அவர் வரி கேட்கவும் முடியாது, கையெழுத்திட்ட ரசீது தந்தால் போதும். பதிவு பெற்ற நிறுவனம் பில் வேண்டாம் என்று சொன்னால், அது தள்ளுபடி செய்வது வரியை மட்டுமல்ல, தன் பொறுப்பையும்தான்.

பணம் கொடுக்கும் முறைதான் நடைமுறையில் வாங்குபவரின் பெரிய ஆயுதம், அதைத்தான் முதலில் பறிகொடுக்கிறார்கள். பொருள் ஆலையிலிருந்து கிளம்பும் முன்பே முழுத் தொகையையும் வாங்கிவிடும் நிறுவனங்கள் உண்டு. பொருத்தும் நாளில் குறை சொன்னால் அவர்களுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. பலகை இறங்கியபின் ஒரு பங்கு, மைக்கா ஒட்டும் முன் வெறும் கூட்டைப் பார்த்துவிட்டு ஒரு பங்கு, எல்லாம் முடிந்து ஒரு மழைக்காலம் கண்டபின் கடைசிப் பத்து சதவீதம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. நிறுவனம் தன் நிபந்தனையை மாற்றாது என்றால் வேறு நிறுவனத்தைப் பார்க்கலாம். இந்தத் தொழிலில் போட்டிக்குப் பஞ்சமில்லை. அளவுக்கு மீறிய அபராதம், ஒருதலைப்பட்சமாக ரத்து செய்யும் உரிமை போன்ற நிபந்தனைகளை நியாயமற்ற ஒப்பந்தம் என்று மாநில நுகர்வோர் ஆணையத்தில் எதிர்க்கவும் 2019 சட்டம் வழி தந்திருக்கிறது.

வேலை கெட்டுப்போன பிறகு செய்யும் பெரிய பிழை, ஆத்திரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு ஆளை வைத்துச் செய்துகொள்வது. வழக்குக்கு வேண்டிய ஒரே சாட்சி குப்பை வண்டியில் போய்விடும். ஊறிய பலகையில் ஒரு துண்டையாவது எடுத்து வைக்க வேண்டும். சரக்கைச் சோதிக்காமல் குறை தெரியாது என்றால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. முதலில் எழுத்தில் புகார், பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது. நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இணையவழியிலும் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் காலக்கெடு; ‘அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம்’ என்ற பதிலை நம்பியே அதைக் கடத்திவிடக் கூடாது.

வழக்கு என்றால் வருடக்கணக்கில் இழுக்குமே என்பதை மறுக்க முடியாது. மூன்று மாதம், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்லும் கெடு பல இடங்களில் காகிதத்தில்தான் இருக்கிறது. அதனால் புகாரை இழுக்க இடமில்லாதபடி அமைப்பது அவசியம். மன உளைச்சலுக்கு இருபது லட்சம் என்று எழுதினால் தொகைக்கான வாதமே பாதி நேரத்தைத் தின்றுவிடும். கெட்ட பகுதியை மாற்ற ஆகும் செலவுக்கு வேறொரு தச்சரிடம் வாங்கிய கொட்டேஷன், பலகை இறங்கிய நாளின் படங்கள், பணம் போன கணக்கு இவற்றோடு, மாற்றுச் செலவும் அளவான இழப்பீடும் மட்டும் கேட்கும் மனுவில் எதிர்த்தரப்பு தகராறு செய்ய அதிகம் இருக்காது. அப்படிப்பட்ட மனுவுக்கு ஆணையத்தின் நோட்டீஸ் போனதுமே சமரசம் பேச ஆள் வரவும் வாய்ப்பு அதிகம். உத்தரவு வந்தும் நிறைவேற்றாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. சமரசம் பேச வருகிறவரும் அதை அறிந்துதான் வருவார்.