போக்குவரத்துத் திட்டங்களில் இனச் சமநீதி: இனமும் மொழியும் ஏன் கேட்கப்படுகின்றன?

பேருந்துத் தடம், பாதசாரிக் கடவை, நடைபாதை போன்றவை எங்கு முதலில் அமைக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதற்குத் தரவுகள் தேவைப்படுகின்றன. எனினும், மாநகராட்சியின் கருத்தாய்வுகளில் இனம், மொழி, வருமானம் பற்றிய வினாக்களைக் காணும் குடியிருப்பாளர் பலர் தயங்குகின்றனர். அவ்வினாக்களின் நோக்கத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

சராசரி மறைப்பவை

ஒரு நகரின் சராசரிப் பயண நேரம் குறைந்தாலும், அதன் ஒரு பகுதியில் வாழ்வோர் முன்னரைப் போலவே நெடுநேரம் காத்திருக்கக்கூடும். சராசரி அதனைக் காட்டாது. தரவுகளை இடம், வருமானம், இனம் எனப் பிரித்து நோக்கும்போதே எவர் பயனடைகின்றனர், எவர் விடுபடுகின்றனர் என்பது புலப்படும். அனைவருக்கும் ஒரே அளவில் பகிர்வது சமத்துவம். தேவை மிகுந்த இடத்தை முதலில் கவனிப்பது சமநீதி.

எக்ளின்ரன் கிழக்கின் அனுபவம்

2020 ஆம் ஆண்டு கொவிட் பெருந்தொற்றின்போது ரொறன்ரோவின் பொதுப் போக்குவரத்தில் பயணிகள் தொகை பெரிதும் வீழ்ச்சியடைந்தது. ஆனால், ஸ்காபரோவின் எக்ளின்ரன் கிழக்கு போன்ற சில வழித்தடங்களில் பேருந்துகள் தொடர்ந்து நிரம்பியே சென்றன. தொழிற்சாலை, களஞ்சியம், மருத்துவமனை, முதியோர் இல்லம் ஆகியவற்றில் பணிபுரிவோர் வீட்டிலிருந்து வேலை செய்ய இயலாதவர்கள். குடிவரவாளரும் குறைந்த வருமானத்தினரும் செறிந்து வாழும் பகுதிகளிலேயே இந்நிலை தெளிவாகக் காணப்பட்டது.

இத்தகைய பயணிகள் தரவுகளைக் கருத்திற்கொண்டு, பேருந்துகளுக்கு முன்னுரிமை அளிக்கும் தடத்திற்கு நகர சபை 2020 யூலையில் அனுமதி அளித்தது. பிரிம்லி வீதியிலிருந்து ஸ்காபரோ பல்கலைக்கழக வளாகம் வரை, சுமார் 8.5 கிலோமீற்றர் நீளமான செந்நிறத் தடம் அதே ஆண்டு ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. அதேவேளை, சில தரிப்பிடங்கள் நீக்கப்பட்டமையால் முதியோர் கூடுதல் தூரம் நடக்க நேர்ந்தது. ஆகவே, திட்டம் நிறைவேறிய பின்னரும் அதன் விளைவுகள் யாரை எவ்வாறு சேர்கின்றன என அளவிடுதல் அவசியமாகும்.

முறைப்பாடுகள் மட்டும் போதா

முறைப்பாடுகள் அதிகம் வரும் வீதியே அதிக ஆபத்தான வீதி எனக் கொள்ள முடியாது. ஆங்கிலம் நன்கு அறிந்தோரும் நேரம் உள்ளோருமே பெரும்பாலும் முறையிடுகின்றனர். இரவுப் பணி முடித்துத் திரும்பும் தாய் ஒருவர் மங்கிய வெளிச்சத்தில் அகன்ற வீதியைக் கடக்கும் இடர், எவரும் தெரிவிக்காவிடின், எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாது.

தமிழர் எவ்வாறு கணக்கிடப்படுகின்றனர்?

கனடாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. தாய்மொழி பற்றிய வினா அனைத்துக் குடும்பங்களுக்கும் உரியது. நான்கில் ஒரு குடும்பத்திற்குக் கிடைக்கும் நீண்ட படிவம், வேலைக்குச் செல்லும் முறை, புறப்படும் நேரம், பயணத்திற்கு எடுக்கும் நிமிடங்கள் ஆகியவற்றையும் வினவுகிறது. அதில் ‘தெற்காசியர்’ என்பது ஒரே பிரிவாகவே உள்ளது. இன மூலம் பற்றிய வினாவிலும் தாய்மொழி வினாவிலும் ‘தமிழ்’ எனக் குறிப்பிட்டால் மாத்திரமே தமிழரின் பயணத் தேவைகள் தனியே தெரியவரும்.

தனியுரிமை

கணக்கெடுப்பிற்குப் பதிலளிப்பது சட்டப்படி கட்டாயமானது. தனிநபர் விவரங்களின் இரகசியத்தையும் அதே சட்டம் பாதுகாக்கிறது. மாநகராட்சியின் கருத்தாய்வுகளில் இனம் பற்றிய வினாவிற்கு விடையளிப்பது விருப்பத்திற்குரியது.

குடியிருப்பாளர்கள் செய்யக்கூடியவை

• கணக்கெடுப்புப் படிவத்தை முழுமையாக நிரப்புதல். முதிய பெற்றோருக்கு இளையோர் உதவலாம்.
• பழுதடைந்த நடைபாதை, ஆபத்தான சந்தி ஆகியவற்றை 311 என்ற இலக்கத்தில் அறிவித்தல். இச்சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது. 180 இற்கும் மேற்பட்ட மொழிகளில் உரைபெயர்ப்பு உதவி உண்டு. “தமிழ்” எனக் கூறினால் போதுமானது.
• பொதுக் கலந்தாய்வுகளில், “இத்திட்டத்தால் எந்தப் பகுதியினர் பயனடைகின்றனர்? எத்தரவு அதனைக் காட்டுகிறது?” என வினவுதல்.

கணக்கில் இடம்பெறாத பயணிக்கெனப் பேருந்து திட்டமிடப்படுவதில்லை. படிவத்தில் எழுதப்படும் ஒரு சொல்லும் தொலைபேசியில் தெரிவிக்கப்படும் ஒரு குறையும் அக்கணக்கைத் திருத்த உதவும்.