மழையை எண்ணும் கருவி எப்போது எச்சரிக்கிறது?

மண்சரிவு அபாயத்தால் மலைச்சரிவை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவும் பகலில் தங்கள் பழைய இடத்துக்குப் போய்வருகின்றன. மரக்கறித் தோட்டத்தையும் மாட்டையும் ஒரேயடியாகக் கைவிட முடியாது. அவ்வாறு போய்வருபவர்களுக்கு ஒரு கேள்வி உயிரோடு சம்பந்தப்பட்டது: எவ்வளவு மழை பெய்தால் உடனே திரும்பிவிட வேண்டும்?

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2016 மே 17இல் அரநாயக்கவிலும் மலை சரிந்து வீடுகளை மூடியது. இரண்டுமே கடும் மழைக்குப் பின் நடந்தவை. இன்று மலைப் பிரதேசங்களில் தானியங்கி மழைமானிகள் நிறுவப்பட்டுள்ளன. அவை மழையை அளந்து தூரத்திலுள்ள கணினிக்குத் தாமாகவே அறிவிக்கின்றன. அந்தக் கணினி எச்சரிக்கை விடுவதை எப்படித் தீர்மானிக்கிறது என்பதை அறிந்துகொண்டால், அதே கணக்கை நாமும் போடலாம்.

கருவியின் வேலை

இத்தகைய கருவியில் ஒரு புனலும், அதன் கீழ் துலாவைப்போல் ஆடும் இரண்டு சிறு கிண்ணங்களும் இருக்கும். ஒரு கிண்ணம் நிரம்பியதும் கவிழ்ந்து நீரை ஊற்றிவிடும். மற்றது மேலே வரும். ஒரு கவிழ்வு 0.2 மில்லிமீற்றர் மழை என அமைந்த கருவியை எடுத்துக்கொள்வோம். ஐந்து முறை கவிழ்ந்தால் 1 மி.மீ. மழை. ஒவ்வொரு கவிழ்வையும் அது நடந்த நேரத்தோடு கருவி பதிந்து, கைத்தொலைபேசியைப் போல சிம் அட்டை வழியாக அனுப்புகிறது.

எண்ணிக்கை மட்டும் போதாது

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று படிகளில் எச்சரிக்கை அளவுகளை வகுத்துள்ளது. மழை தொடரும்போது,

1. 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் – விழிப்பாயிருத்தல்.
2. 24 மணித்தியாலத்தில் 100 மி.மீ. தாண்டினால் – வெளியேற ஆயத்தமாதல்.
3. 24 மணித்தியாலத்தில் 150 மி.மீ., அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் – உடன் வெளியேறுதல்.

இதில் 75 என்ற எண் இரண்டு இடத்தில் வருவதைக் கவனியுங்கள். 75 மி.மீ. என்பது 375 கவிழ்வு. அது ஒரு பகலும் இரவும் பரவி நடந்தால் மண் ஓரளவு நீரை வடியவிடும், விழிப்பாயிருந்தால் போதும். அதே 375 கவிழ்வு ஒரு மணித்தியாலத்துக்குள் நடந்தால் வடிய நேரமில்லை. ஓட வேண்டிய நிலை. எனவே கணினி “எத்தனை?” என்பதோடு “எவ்வளவு நேரத்துக்குள்?” என்றும் கேட்கிறது.

நகரும் 24 மணித்தியாலம்

மழைப் பதிவேட்டில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நள்ளிரவு முதல் காலை 8.30 வரை 90 மி.மீ. பெய்தது, பின்பு பிற்பகல் 3 மணிக்குள் இன்னும் 70 மி.மீ. பெய்தது என வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் முதல் நாளுக்கு 90, அடுத்த நாளுக்கு 70. எதுவும் 150ஐத் தொடவில்லை. ஆனால் மலைக்குப் பதிவேடு தெரியாது. அதன் உள்ளே 160 மி.மீ. இறங்கிவிட்டது.

இதனால்தான் மென்பொருள் ஒவ்வொரு கவிழ்வின்போதும் அந்த நிமிடத்திலிருந்து பின்னோக்கி 24 மணித்தியாலத்தை எண்ண வேண்டும். புதியது சேரும், 24 மணித்தியாலம் கடந்த பழையது கழியும்.

தாமதமும் மௌனமும்

கோபுரம் பழுதானால் செய்திகள் கருவியிலேயே தேங்கி, பின்பு ஒன்றாக வந்து சேரும். மூன்று மணித்தியாலத்தில் பெய்த 90 மி.மீ. மழை ஒரே நிமிடத்தில் வந்ததாகக் கணினி எடுத்துக்கொண்டால், வீணான எச்சரிக்கை போகும். இரண்டு முறை வீணாக ஓடியவர்கள் மூன்றாம் முறை எழும்ப மாட்டார்கள். ஆகவே செய்தி வந்த நேரத்தை அல்ல, கிண்ணம் கவிழ்ந்த நேரத்தையே கணக்கில் எடுக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது மௌனம். கருவியிலிருந்து ஒன்றும் வராவிட்டால் மழை இல்லை என்றும் கொள்ளலாம். பற்றரி இறங்கிவிட்டது என்றும் கொள்ளலாம். இதற்குப் பரிகாரமாக, மழை இல்லாதபோதும் குறித்த இடைவெளியில் “நான் இருக்கிறேன்” என்று கருவி சொல்லும்படி அமைப்பார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால், அடுத்தடுத்து மூன்று முறை அந்தச் செய்தி வராதபோது அதுவே ஓர் எச்சரிக்கை. புனலில் சருகு அடைத்த கருவியோ “இருக்கிறேன்” என்று சொல்லும், மழையைச் சொல்லாது. அயலிலுள்ள கருவிகள் மழை காட்டும்போது இது மட்டும் வெறுமையாயிருந்தால் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

மேலும் கீழும் ஒரே அகலமுள்ள பால்மாப் பேணி ஒன்றை, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் அசையாமல் நிறுத்துங்கள். உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழையின் மில்லிமீற்றர். கடும் மழையில் மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளந்து, நேரத்தோடு கொப்பியில் எழுதி, நீரை ஊற்றிவிடுங்கள். கடந்த 24 மணித்தியாலத்துக்குரியவற்றைக் கூட்டுங்கள். இரவில் முறைவைத்து விழித்திருப்பது நல்லது.

அளவு எட்டாவிட்டாலும் நிலத்தில் புதிய வெடிப்பு, சரியும் மரங்கள், திடீரென்று கிளம்பும் ஊற்று, கலங்கிவரும் ஊற்றுநீர் ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். வெளியேறுங்கள், கிராம அலுவலருக்கும், இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

கணினி விடும் எச்சரிக்கை கைத்தொலைபேசி வரை மட்டுமே வரும். அங்கிருந்து அடுத்த வீட்டு முதியவரிடமும், தோட்டத்தில் நிற்பவரிடமும் அதைக் கொண்டுபோவது யார் என்பதை மழைக்கு முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். பெயர்களைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வையுங்கள்.