வெப்பமும் விரிவும்

மாட்டு வண்டிகள் மிகுதியாக ஓடிய காலத்தில், மரச்சக்கரத்திற்கு இரும்புப் பட்டை பூட்டுதல் கொல்லர்க்குரிய நுண்ணிய தொழிலாக விளங்கிற்று. சக்கரத்தின் சுற்றளவினும் சிறிது குறைவாகவே பட்டையைச் செய்வர். வறட்டி அடுக்கித் தீ மூட்டி அதனைப் பழுக்கக் காய்ச்சுவர். காய்ந்த பட்டை விரிந்து சக்கரத்தின்மேல் எளிதில் இறங்கும். உடனே நீர் வார்ப்பர். பட்டை குளிர்ந்து சுருங்கி, சக்கரத்தின் உறுப்புகளை ஒருசேர இறுக்கிப் பிடிக்கும். வெப்பத்தால் பொருள் விரியும், குளிர்ச்சியால் சுருங்கும் என்னும் உண்மையே இத்தொழிலுக்கு அடிப்படையாகும்.

பொருள்கள் யாவும் கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்களால் ஆனவை. அத்துகள்கள் ஓயாது அசைந்துகொண்டே இருக்கும். வெப்பம் ஏற ஏற அசைவு மிகும். துகள்களின் இடைவெளி பெருகும். அதுவே விரிவு எனப்படும். துகள்கள் தாம் பெரியனவாவதில்லை.

திடப்பொருளில் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருத்தலின் விரிவு மிகச் சிறிது. திரவத்தில் அப்பற்றுத் தளர்ந்திருத்தலின் விரிவு மிகுதி. வாயுவில் பற்று இல்லையென்றே கூறலாம். ஆதலின் விரிவு மிக மிகுதி. வெப்பநிலை ஒரே அளவு உயருமாயின், இரும்பு விரிவதைப் போலப் பாதரசம் ஏறத்தாழ 5 மடங்கும், அழுத்தம் மாறாத காற்று ஏறத்தாழ 100 மடங்கும் பருமனில் விரியும். வெப்பமானியில் பாதரசம் ஏறுவதும், 1783ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் மான்கோல்பியர் உடன்பிறந்தார் அமைத்த பலூன் சூடேறிய காற்றால் வானில் எழுந்ததும் இவ்வியல்பினாலேயே.

நீர் மட்டும் சிறிது வேறுபட்டது. 0 டிகிரி செல்சியஸிலிருந்து 4 டிகிரி வரை சூடேறுங்கால் அது விரியாது சுருங்கும். ஆதலின் 4 டிகிரி நீரே கனம் மிக்கதாய் அடியில் தங்கும். குளிர்நாடுகளில் ஏரியின் மேற்பரப்பு உறைந்த பின்னும் அடிநீரில் மீன்கள் உயிர் வாழ்வது இதனாலன்றோ!

திடப்பொருளின் விரிவு சிறிதெனினும் அதன் ஆற்றல் சிறிதன்று. 1 கிலோமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டவாளம், வெப்பநிலை 30 டிகிரி உயரின் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் நீள முற்படும். அதற்கு இடமும் தடையும் இன்றேல் தண்டவாளம் வளையும், வண்டி தடம்புரளும். ஆதலின் முன்னாளில் தண்டவாளங்களுக்கு இடையே சிறு இடைவெளி விட்டனர். இந்நாளில் அவற்றை நெடுந்தொலைவு பற்றவைத்து, கனத்த கட்டைகளோடு பிணித்து, சரளைக் கற்களால் அணைத்து, வளையாவண்ணம் காக்கின்றனர். கடுங்கோடையில் பணியாளர் பாதை நெடுக நடந்து பார்வையிடுவதும் இதன் பொருட்டேயாம்.

சக்கரத்தை இறுக்கிய அதே ஆற்றலே தண்டவாளத்தை வளைப்பதும். அதன் இயல்பை அறிந்து நடப்பார்க்கு அது துணை செய்யும். அறியாது நடப்பார்க்கு இடர் விளைக்கும்.